மீதி பூஜ்யம்

நாற்பத்தொரு மணி நேரம் இடைவிடாமல் ஓடிவிட்டு, கம்ப்யூட்டர் எனக்கு ஒரு தவறான விடையைத் தந்தது.

தவறு என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. விடை தெரிந்த கணக்கைத்தான் கொடுத்திருந்தேன். இரண்டை இரண்டால் பெருக்க வேண்டும். வந்ததை மறுபடி இரண்டால் பெருக்க வேண்டும். மொத்தம் முப்பது லட்சத்து இருபத்தோராயிரத்து முந்நூற்று எழுபத்தேழு இரண்டுகள். கடைசியில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் அது மீதியில்லாமல் வகுபடாது. எழுதிப் பார்த்தால் ஒன்பது லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். முதல் இலக்கம் ஒன்று, கடைசி இலக்கமும் ஒன்று. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் முன்பே யாரோ அதை நிரூபித்துவிட்டார்கள்.

இத்தனை பெரிய எண்ணை ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்துக்கொண்டிருக்க ஆயுசு போதாது. ஆனால் இந்த வகை எண்களுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. நாலில் தொடங்க வேண்டும். அதை வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி, மறுபடி இரண்டைக் கழித்து, மறுபடி வகுக்க வேண்டும். இப்படி ஏறக்குறைய முப்பது லட்சம் முறை. கடைசி மீதி பூஜ்யமாக இருந்தால் அது பகா எண். வேறு எதுவாக இருந்தாலும் இல்லை. நடுவில் சமாதானத்துக்கு இடமே கிடையாது. எங்காவது ஒரு படியில் ஓர் இலக்கம் பிசகினாலும், அந்தப் பிசகு அடுத்த படியில் பெருத்து, அதற்கடுத்ததில் இன்னும் பெருத்து, கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

திங்கள்கிழமை காலை என் திரையில் இருந்தது பூஜ்யம் இல்லை. வாய்க்கு வந்ததுதான்.

அந்தப் புரோகிராமை எழுதியது நான். கல்லூரிக் கடைசி வருஷத்தில் எழுதியது. சின்ன எண்களுக்குச் சரியாக வேலை செய்தது. இந்தப் பெரிய எண்ணை ஓட்டிப் பார்க்க அங்கே கம்ப்யூட்டர் கொடுக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர், "இதனால யாருக்கும்மா என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. செருப்பைத்தான் ரொம்ப நாள் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன்.

எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. ஒரு தடவை அந்தப் பூஜ்யத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, ஆபீஸிலேயே வேகமான கம்ப்யூட்டரில் ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் ஆபீஸ் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருக்கிறது. கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறோம். தூண் எவ்வளவு கனம், பீமில் எத்தனை கம்பி, இந்த மாடியின் பாரம் எந்தத் தூணில் இறங்குகிறது. நாங்கள் நாலு பேர். இன்ஜினியர் சார். பதினாறு வருஷமாகக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற அக்கா; அந்த வேகமான கம்ப்யூட்டரில்தான் அவள் வேலை. வரைபடம் போடும் நான், வந்து ஏழு மாதம். நாலாவது ஆள் மச்சான். அவர் சாரின் மனைவிக்குத் தம்பி. சார் அவரை மச்சான் என்று கூப்பிடப்போய், கீழே பெயிண்ட் கடைக்காரர், கூரியர்காரர், எல்லாருக்கும் அவர் மச்சான் ஆகிவிட்டார். என்ன வேலை செய்கிறார் என்று திட்டமாகச் சொல்ல முடியாது. அவர் இல்லாவிட்டால் பிரின்டர் ஓடாது.

"என்ன மியூட்டு, மிஷினைப் பாத்து முறைச்சுக்கிட்டு நிக்கற?" என்றபடி அவர் உள்ளே வந்தார். அதிகம் வாய் திறக்காத என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"சும்மாதான்," என்றேன். விண்டோவை மூடினேன்.

"பாத்துப் பழகு. நாலு மாசம் முன்னாடி என் கையால பூட்டினது. கடையில வாங்கினா இதுமாதிரி கிடைக்காது. பெட்டி ஒரு இடம், போர்டு ஒரு இடம், ஒரு ரேம் புதுசு, இன்னொண்ணு என் பழைய மிஷின்ல இருந்து கழட்டினது. தங்கம்! குதிரை மாதிரி ஓடும்." பெட்டியின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். அதில் அவர் ஒட்டிய சீட்டு இருந்தது: சொந்த வேலைக்கு அல்ல.

என் புரோகிராமில்தான் ஓட்டை என்று முடிவு செய்தேன். எது தப்பானாலும் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

பதினோரு மணிக்கு சார் அக்காவைக் கூப்பிட்டார். சார் கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே நம்புகிறவர் இல்லை. அச்சிட்டு வந்த ஒவ்வொரு தாளையும் பென்சிலால் கூட்டிப் பார்ப்பார். மேலே இருக்கிற பாரமெல்லாம் கூட்டினால் கீழே இறங்குகிற பாரத்துக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். இடிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து வட்டம் போடுவார்.

"இந்தத் தூண்ல இருநூத்து முப்பதுதானே வரணும்? இருநூத்து எழுபதுன்னு ஏறியிருக்கு பாருங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. "பரவாயில்ல. மாத்திடுங்க."

அக்கா தாளை வாங்கிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் வெகுநேரம் கீபோர்டைத் தொடவில்லை. இது முதல் தடவை இல்லை. இந்த மூன்று நாலு மாதத்தில் பத்துப் பதினைந்து வட்டமாவது விழுந்திருக்கும். அதற்கு முந்தைய பதினாறு வருஷத்தில் மொத்தம் எத்தனை என்று கேட்டால் மச்சான் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். ஒரு கை போதும்.

மத்தியானம் நாங்கள் இருவரும் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடம். சாதாரணமாக அக்கா பேசுவாள், நான் சிரிப்பேன். "பேசினா முத்து உதிர்ந்துடும்னு பயமாடி உனக்கு?" என்று கேட்பாள். அன்றைக்கு அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது," என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நாப்பத்தொம்போது வயசு அப்ப. போன் நம்பரைத் தப்பாப் போட்டுட்டு, யாரோ ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் அண்ணே அண்ணேன்னு பேசிட்டு இருந்தா. அந்த ஆளும் பாவம், வைக்காம பேசியிருக்கார். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். ரெண்டு வருஷம் கழிச்சு என்னையே அண்ணின்னு கூப்பிட்டா. அப்ப யாரும் சிரிக்கல."

"அக்கா..."

"எனக்கு இப்ப நாப்பத்தெட்டு. நீ சொல்லு, அந்தத் தூணுக்கு நான் இருநூத்து முப்பதுதான் அடிச்சேன். அடிச்சிட்டு ஒரு தடவை பாக்கற பழக்கம் எனக்கு. திரையில முப்பதுன்னு பாத்தேன். சத்தியம் பண்ணுவேன். இன்னைக்கு ஃபைலைத் திறந்தா எழுபது. அப்ப நான் அன்னைக்குப் பாத்தது என்ன? பாத்ததா நெனச்சுக்கறேனா?"

நான் என் டப்பாவை மூடினேன்.

"வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட போறேன். அவர் என்ன சொன்னாலும் சரி. அதுக்கு முன்னாடி வியாழக்கிழமையே சார்கிட்ட சொல்லிட்டு நின்னுடப் போறேன். சார் கண்டுபிடிக்கிற வரைக்கும் சரி. ஒரு நாள் அவரும் அசந்துட்டா? என் விரலால ஒரு கட்டடம் விழக் கூடாதும்மா." டப்பாவை அப்படியே பையில் வைத்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாத. உன்கிட்ட சொன்னா சுவத்துகிட்ட சொன்ன மாதிரி. அதனாலதான் சொல்றேன்."

அது பாராட்டு என்றுதான் அவள் நினைத்தாள்.

அன்று சாயங்காலம் நான் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, அதே எண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட விட்டேன். ஒவ்வொரு லட்சம் படிக்கும் மீதியின் கடைசி இலக்கங்களைப் புரோகிராம் எழுதிவைக்கும்; இந்தத் தடவை அதை முந்தைய ஓட்டத்தின் பதிவோடு ஒத்துப் பார்க்கலாம் என்று. ஓட்டை புரோகிராமில் இருந்தால், எத்தனை தடவை ஓட்டினாலும் அதே தவறுதான் அதே இடத்தில் வரும். அக்கா பகலில் வேலை செய்யும்போதும் அது அவளுக்கு இடைஞ்சல் இல்லாமல் அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காரியம் இதைவிடக் கஷ்டம். அண்ணனிடம் லேப்டாப் கேட்டேன்.

"என் லேப்டாப்பா? எத்தனை நேரத்துக்கு?"

"மூணு நாள்."

"மூணு நாளா! என்ன செய்யப் போகுது அது?"

"பெருக்கும்."

"வீட்டையா? அப்படின்னா தாராளமா வச்சுக்கோ," என்றான். "அம்மா, இந்த வீட்ல ஒருத்தியாவது பெருக்கறேன்னு சொல்லிட்டா."

"குடேன்டா," என்றாள் அம்மா. "அவ வாயைத் திறந்து எதையாவது கேட்டிருக்காளா இதுவரைக்கும்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்ன வரணும்டி அதுல?"

"பூஜ்யம்மா."

"நல்லா இருக்கு. ஊர்ல பிள்ளைங்க எல்லாம் நூறு வரணும்னு வேண்டிக்கும். பூஜ்யம் வரணும்னு உட்காந்திருக்கிறது என் பொண்ணு ஒருத்திதான்."

அண்ணன் லேப்டாப்பை என் மேஜையில் வைத்துவிட்டு, போகிற போக்கில் திரையைக் குனிந்து பார்த்தான். படிகளின் எண்ணிக்கை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. "இதுல ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?" என்றான். ஒன்றும் கொடுக்கமாட்டார்கள் என்றேன். "அப்ப சரியான ஆட்டம்தான் உனக்கு," என்று தலையில் தட்டிவிட்டுப் போனான்.

புதன்கிழமை மத்தியானம் ஆபீஸ் கம்ப்யூட்டரின் இரண்டாவது ஓட்டம் முடிந்தது. அக்கா கை கழுவப் போயிருந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து விண்டோவைத் திறந்தேன்.

பூஜ்யம் இல்லை. திங்கள்கிழமை வந்த தவறும் இல்லை. இது வேறொரு தவறு.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே புரோகிராம், ஒரே எண். இரண்டு விடை. ஒவ்வொரு லட்சமாக ஒத்துப் பார்த்தேன். பன்னிரண்டு லட்சம் வரை இரண்டு ஓட்டமும் கைகோத்துக்கொண்டு போயின. அதற்குப் பிறகு ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை. புரோகிராமுக்கு மனநிலை கிடையாது. திங்களுக்கு ஒன்று, புதனுக்கு ஒன்று என்று அது பேசாது.

என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். எதையாவது எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். சார் வட்டம் போட்டுக் கழித்த தாள்களைத்தான், பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால், நான் கிறுக்க வைத்திருந்தேன். எடுத்த தாளைத் திருப்பினேன். பென்சில் வட்டத்துக்குள் ஒரு ஆறு. பக்கத்தில் சாரின் கையெழுத்தில் இரண்டு. அடுத்த தாளில் ஏழு இருந்த இடத்தில் மூன்று வர வேண்டும். அடுத்ததில் நாலு இருந்த இடத்தில் பூஜ்யம். அடுத்ததில் ஐந்து. வர வேண்டியது ஒன்று.

ஒன்பது தாள் இருந்தன. ஒன்பதிலும் வர வேண்டியதைவிட நாலு கூட. மூன்று கூட இல்லை, ஐந்து கூட இல்லை.

மனிதர்கள் இப்படித் தப்பு செய்வதில்லை. விரல் நழுவினால் பக்கத்து விசையில் விழும். அவசரத்தில் இரண்டு இலக்கம் இடம் மாறும். அக்கா பயன்படுத்துகிற எண் விசைகளில் மூன்று கீழ் வலது மூலையில் இருக்கிறது, ஏழு மேல் இடது மூலையில். நழுவிப் போகிற தூரமா அது? ஆனால் கம்ப்யூட்டருக்குள், அதன் நினைவகமான ரேமில், இலக்கங்கள் வேறு மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, இரண்டு, நாலு என்று மதிப்புள்ள சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். எரிகிறவற்றைக் கூட்டினால் இலக்கம். ஒன்றும் இரண்டும் எரிந்தால் மூன்று. அதோடு நாலு மதிப்புள்ள சுவிட்சும் எரிந்துவிட்டால் ஏழு. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் அங்கே ஒரே ஒரு சுவிட்சுதான்.

என் பகா எண்ணும் அங்கே அப்படித்தான் இருக்கிறது. முப்பது லட்சத்துச் சொச்சம் சுவிட்சுகள், ஒன்றுவிடாமல் எல்லாம் எரிந்தபடி. பார்க்க அத்தனை அழகு என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

உடனே எழுந்துபோய் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் லேப்டாப் இன்னும் முடிக்கவில்லை. ஒருவேளை அதிலும் பூஜ்யம் வராவிட்டால்? அப்போது புரோகிராமிலும் கோளாறு என்று ஆகும். தாள்களில் நான் பார்த்த நாலும் ஒன்பது தாளின் தற்செயல் என்று யாராவது சொல்லிவிடலாம். பயந்துகொண்டிருக்கிற ஒருத்தியின் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மறுநாள் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை.

மச்சான் வேறு எதிரிலேயே உட்கார்ந்து, குதிரைக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு அக்கா படி இறங்கும்போது பின்னால் ஓடினேன். "அக்கா."

"என்னடி?"

"நாளைக்கு சார்கிட்ட கொஞ்சம் லேட்டாப் பேசுங்களேன்."

"ஏன்?"

சொல்ல வாய் திறந்தேன். "சும்மாதான்," என்றேன்.

"பாருடா, சுவரு பேசுது," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பெயிண்ட் கடை வாசலில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கிறவள் மாதிரி ஒரு கணம் நின்றாள். தினமும் போகிற பக்கம்தான். சரியாகத்தான் போனாள். போன பிறகும் அந்த ஒரு கணம் அங்கேயே நின்றது.

வீட்டுக்குப் போனதும் லேப்டாப்பின் பதிவோடு ஒத்துப் பார்த்தேன். ஆபீஸின் முதல் ஓட்டம் பன்னிரண்டு லட்சம் வரை லேப்டாப்போடு வந்தது. இரண்டாவது பத்தொன்பது லட்சம் வரை வந்துவிட்டு வழி தவறியிருந்தது. லேப்டாப் அமைதியாக மேலே போய்க்கொண்டிருந்தது. காலையில் கண் விழிக்கும்போது முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் லேப்டாப் மூடியிருந்தது.

"விளக்கு மாதிரி பளிச்சுனு கண்ணுல அடிச்சுது. அதான் மூடிட்டேன்," என்றான் அண்ணன், பல் துலக்கியபடி. "ஏன், பெருக்கி முடிக்கலையா?"

மூடினால் தூங்கிவிடும். திறந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுந்து ஓடத் தொடங்கியது. இருபத்தொன்பது லட்சத்துப் பத்தாயிரம். இன்னும் லட்சத்துக்கு மேல் பாக்கி. என் முகத்தைப் பார்த்து அண்ணன் பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டான். "ஏய், நான் வேணும்னு பண்ணலடி," என்றான். அவன் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டு மணி நேரம் ஆகும். சார் பத்து மணிக்கு வருவார். நான் குளித்து, சாப்பிடாமல், லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கிளம்பினேன். மூடக் கூடாது. அண்ணன் தெருமுனை வரை கூடவே வந்து, குடையை லேப்டாப்புக்குப் பிடித்தான். லேசான தூறல். நான் நனைந்தேன்.

பஸ்ஸில் ஒருவர் எனக்கு இடம் கொடுத்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் என் திரையை எட்டிப் பார்த்தாள். "என்னம்மா இது, மீட்டரா?"

"கணக்குங்க."

"எவ்வளவு நேரமா ஓடுது?"

"திங்கள்கிழமையிலேர்ந்து."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. "முடியப்போகுதா?"

"முடியப்போகுது."

"முடிஞ்சா என்ன ஆகும்?"

செருப்பைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். மடியில் லேப்டாப் மறைத்தது. "ஒருத்தங்க வேலையை விட வேண்டாம்," என்றேன்.

அவள் இறங்கும்போது திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பெயிண்ட் கடை வாசலுக்கு வந்தபோது பேட்டரியில் ஏழு சதவீதம் இருந்தது. படி ஏறினேன். அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் கைப்பை மட்டும் மேஜைமேல் இருந்தது. அதில் அவளுடைய தண்ணீர் பாட்டில், மேஜையில் எப்போதும் இருக்கிற சின்ன கண்ணாடி, பொட்டு ஒட்டிய ஸ்கேல், எல்லாம் ஏற்கனவே ஏறியிருந்தன. சாரின் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது.

"... அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கலாம் சார். டாக்டர் என்ன சொல்றார்னு பாக்கணும்." அக்காவின் குரல். "அதுவரைக்கும் இந்தப் பொறுப்புல நான் இருக்கிறது சரியில்ல."

"நீங்க போயிட்டா என்னை யாருக்கா திட்டறது?" இது மச்சான். வேடிக்கையாகச் சொல்ல நினைத்திருப்பார். குரல் நடுவில் உடைந்துவிட்டது.

சார் பென்சிலை மேஜையில் உருட்டுகிற சத்தம் கேட்டது.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். திரையில் எண்ணிக்கை கடைசி நூறுக்குள் வந்திருந்தது. ஐம்பது. இருபது. பிறகு எண்கள் நின்றன. ஒரு மூச்சு விடுகிற நேரம் திரை சும்மா இருந்தது. பிறகு கீழே ஒரு வரி வந்தது.

மீதி: 0

இத்தனை வருஷம் பார்க்க ஆசைப்பட்ட பூஜ்யம். பார்த்து ரசிக்க நேரமில்லை. கதவைத் தட்டாமல் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், இது பகா எண்," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மியூட்டு கத்துது," என்றார் மச்சான் மெதுவாக.

"எதும்மா?" என்றார் சார்.

"இந்த எண். பகா எண்தான்னு எப்பவோ நிரூபிச்சாச்சு. சோதிச்சா மீதி பூஜ்யம் வரணும். லேப்டாப்ல வந்திருக்கு, பாருங்க. நம்ம மிஷின்லயும் ஓட்டினேன். உங்ககிட்ட கேக்காம. சீட்டு ஒட்டியிருந்தும்." மூச்சு வாங்கியது. "ரெண்டு தடவை ஓட்டினேன். ரெண்டு தடவையும் பூஜ்யம் வரல. ரெண்டுலயும் வேற வேற விடை."

"குதிரையிலயா?" என்றார் மச்சான்.

நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன். பையிலிருந்து ஒன்பது தாள்களையும் எடுத்து சாரின் மேஜையில் பரப்பினேன். "உங்க வட்டத்தை எல்லாம் பாருங்க சார். மூணு ஏழாயிருக்கு. ரெண்டு ஆறாயிருக்கு. பூஜ்யம் நாலாயிருக்கு. எல்லாத்துலயும் நாலு கூட. ஒரே ஒரு சுவிட்சு. விரல் அப்படித் தப்பு பண்ணாது."

சார் பென்சிலை எடுத்தார். முதல் தாள். இரண்டாவது தாள். ஐந்தாவது தாளில் பென்சில் நின்றது. அவர் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், மச்சானைப் பார்த்தார்.

"அந்தப் பழைய ரேம்..." என்று ஆரம்பித்த மச்சான் முடிக்கவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டார். அது எதற்காக என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை.

லேப்டாப் பேட்டரி தீர்ந்து அணைந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அக்கா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மடியில் இருந்த கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. "நீங்கல்லாம் என்ன பேசறீங்க? எனக்கு ஒண்ணும் விளங்கல," என்றாள். பிறகு என்னிடம், "எண்ணு, சுவிட்சு எல்லாம் அப்புறம் சொல்லுவ. இப்ப எனக்குப் புரியற மாதிரி ஒரே வார்த்தையில சொல்லுடி," என்றாள்.

நான் அவள் எதிரில் போய் நின்றேன். செருப்பைப் பார்க்கவில்லை.

"அக்கா, நீங்க அடிச்சது இருநூத்து முப்பதுதான்."